தஸ்தகீர் பாய் பார்த்த பிறை

நைனார்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி தஸ்தகீர் பாய் வீட்டுக்கு மேலே இரண்டு வருஷத்துக்கும் மேலாக முதல் பிறையே நின்றது. மற்ற தெருக்களில் நிலா வழக்கம்போல வளர்ந்தது, தேய்ந்தது, அமாவாசையன்று காணாமல் போனது. இவர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மட்டும், சூரியன் மறைந்து மஃரிபு பாங்கு சொல்லி முடிந்ததும், வெட்டிப்போட்ட நகம்போல ஒரு பிறை வந்து நிற்கும். விடியும் வரைக்கும் இறங்காது. மழைக்காலத்தில் மேகத்துக்குக் கீழே நின்றது. அணுபுரத்தில் குடியிருக்கும் விஞ்ஞானி ஒருவர் பைக்கில் வந்து பார்த்தார், படம் எடுத்தார், பாயசம் குடித்தார், இது தன் இலாகாவில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்பாக்கத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், பஸ் நின்றால் ஊர், நிற்காவிட்டால் வெறும் பெயர்ப்பலகை. சாலைக்கு மேற்கே பள்ளிவாசலும் முஸ்லிம் தெருக்களும், கிழக்கே மீனவர்களின் நைனார்குப்பம், நடுவில் தஸ்தகீர் பாயின் ஐஸ் கம்பெனி, அதை ஒட்டியே வீடு. பிறை விஷயத்தில் ஜமாஅத்துக்கு ஒரு பழைய பிடிவாதம் உண்டு. சென்னையில் யார் என்ன அறிவித்தாலும் சரி, இந்த ஊர் ஆண்கள் இரண்டு பேர் கண்ணால் கண்டு, பள்ளிவாசலில் வந்து சாட்சி சொன்னால்தான் இங்கே பெருநாள். கடற்கரை ஊர் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடல் கிழக்கே இருக்கிறது. புதுப்பிறை தெரிவது மேற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தண்டை, திருக்கழுக்குன்றத்து மலைக்கு வலப்பக்கமாக. அதைக் கண்டுபிடிப்பதில் தஸ்தகீர் பாய் கெட்டிக்காரர். மற்றவர்கள் இன்னும் சூரியனைப் பார்த்துக் கண் கூசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரலை நீட்டிவிடுவார். அவர் நீட்டினால் அங்கே பிறை இருக்கும். வாய் நிறைய அவரை 'ஊர்க் கண்' என்று கூப்பிட்டார்கள், அவரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்.

அந்த வருஷம் அவருடைய ஒரே மகள் சஹானாவுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. செங்கல்பட்டில் படித்து, அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நின்றவளுக்கு இது பெரிய வேலை. டிக்கெட் வந்தபோதுதான் கணக்கு இடித்தது. பிறை தெரிந்து நோன்பு இருபத்தொன்பதோடு முடிந்தால் அவள் வீட்டில் பெருநாள் கொண்டாடிவிட்டு ராத்திரி விமானம் ஏறலாம். தெரியாமல் முப்பது ஆனால், நோன்போடு மூட்டை கட்டிக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஊரில், ஹாஸ்டல் அறையில் தனியாகப் பெருநாள். அவர் மனைவி பல்கீஸ் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சைச் சுடிதார் தைக்கக் கொடுத்து வாங்கி, மடித்து, அலமாரியில் வைத்தாள். ஒரு நாளைக்குப் பலமுறை அலமாரியைத் திறந்து பார்த்து மூடினாள். அந்தக் கதவுச் சத்தம்தான் தஸ்தகீர் பாயைப் படுத்தியது. வாயைத் திறந்து கேட்டிருந்தால் அவர் திட்டியிருப்பார், விஷயம் முடிந்திருக்கும்.

இருபத்தொன்பதாம் நோன்பு சாயங்காலம் மேற்கே பஞ்சுப்பொதியாய் மேகம். பள்ளிவாசல் மாடியில் கூடி நின்றவர்கள் மலையைக்கூடப் பார்க்க முடியவில்லை. கலைந்து இறங்கப் போகும் நேரத்தில் தஸ்தகீர் பாய் விரலை நீட்டினார். பக்கத்தில் நின்றது ஷேர் ஆட்டோ ஓட்டும் யாக்கூப். நல்ல மனுஷன், கண்ணாடியை வண்டியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். விரல் நீண்ட திசையில் பார்த்தான். ஊர்க் கண் காட்டிய இடத்தில் எதுவும் தெரியவில்லை என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? தெரிகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்ததும் தெரிந்தேவிட்டது. "ஆமா பாய், கீதுபா, சின்னதா கீது," என்றான். கீழே பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் இரண்டு பேரையும் உட்கார வைத்து, அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்கிறீர்களா என்று முறைப்படி கேட்டார். யாக்கூப் பார்த்தேன் என்றான். அது அவனைப் பொறுத்தவரை உண்மை. தஸ்தகீர் பாயும் பார்த்தேன் என்றார். மைக்கில் பெருநாள் தக்பீர் கிளம்பியது, தெருவெல்லாம் கறிக்கடைக்கு ஓடியது.

மறுநாள் நைனார்பட்டினம் மட்டும் பெருநாள் கொண்டாடியது. கோவளத்திலும் கேளம்பாக்கத்திலும் செங்கல்பட்டிலும் நோன்பு. ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு கர்வம். அந்த ஊர்க்காரன்களுக்கெல்லாம் கண் இருந்தும் என்ன புண்ணியம் என்று பேசிக்கொண்டார்கள். சஹானா பச்சைச் சுடிதார் போட்டாள், தெரு முழுக்க வீடு வீடாகப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தாள், அம்மா கையால் சாப்பிட்டாள், ராத்திரி போய்விட்டாள். அடுத்த நாள் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். "அத்தா, இங்க இன்னிக்கித்தான் பெருநாளாம். நான் நேத்தே கொண்டாடிட்டேன்னு சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க." தஸ்தகீர் பாயும் சிரித்தார். நம்ம ஊருக்கு நம்ம பிறைம்மா என்றார். அன்று சாயங்காலம், நிஜமான நிலா மேற்கே இறங்கிப் போன பிறகு, அவர் வீட்டுத் தொட்டிக்கு மேலே இன்னொன்று நின்றது. அவர் காட்டிய அதே சாய்வில், அதே மெலிவில் இருந்தது.

முதலில் பார்த்தது மீன் விற்கும் சம்பூர்ணம். ஐஸ் வாங்க வந்தவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா பாய், ஊருக்கெல்லாம் ஒரு நெலா, ஒன் வூட்டுக்கு மட்டும் தனியா கனெக்ஷனா?" என்றாள். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்தது. யாரும் அதை வேறு மாதிரி நினைக்கவில்லை. உண்மைச் சாட்சி சொன்னவருக்கு அல்லாஹ் கொடுத்த பரிசு என்றார்கள். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி காதர்ஷா தன் செலவில் வாசலில் ஷாமியானா போட்டார். கோவளத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களை கைடுகள் சாயங்காலம் இங்கே கூட்டிவந்து நிறுத்தினார்கள். பூக்கடை வந்தது, சுண்டல் வண்டி வந்தது, பிள்ளை இல்லாதவர்கள் வந்து ஐஸ் கம்பெனிச் சுவரைத் தொட்டு முகத்தில் ஒற்றிக்கொண்டார்கள். தஸ்தகீர் பாய் பின்கதவு வழியாக வீட்டுக்குள் போய்வரப் பழகினார். தான் சொன்ன பொய் ஊரறிய வீட்டுக்கு மேலே நிற்பதும், அதற்கு மக்கள் ஊதுபத்தி கொளுத்துவதும் எந்த மனுஷனைத்தான் உட்கார விடும்?

இதற்குள் வீட்டுக்குள்ளே வேறு கூத்து. தலைக்கு மேலே பெருநாளைக் கொண்டுவரும் ஷவ்வால் பிறை நின்றதால் அந்த வீட்டில் தினமும் பெருநாளாக விடிந்தது. பல்கீஸ் உலை வைத்தால் மூடியைத் திறக்கும்போது நெய் மிதக்கும் சேமியாப் பாயசம் இருந்தது. துவைத்துப் போட்ட கைலி காயும்போது அத்தர் மணத்தது. தெருவில் போகிறவர்கள், ஏன் என்று தெரியாமலே, அவரைக் கண்டால் பெருநாள்போலக் கட்டித் தழுவினார்கள். கரண்ட் பில் கணக்கெடுக்க வந்த திருவேங்கடம்கூட மூன்று முறை தழுவிவிட்டு, கூச்சத்தோடு மீட்டரைப் பார்க்கப் போனார். பெருநாள் ஒரு நாள் வந்தால் சந்தோஷம். தினம் வந்தால் பேஜாருதான். பல்கீஸ் ரசம் சாதத்துக்கு ஏங்கி, சம்பூர்ணம் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

ஆனால் தஸ்தகீர் பாயை அரித்தது பாயசம் இல்லை. விட்டுப்போன அந்த ஒரு நோன்பைத் திருப்பிப் பிடித்துவிட வேண்டும் என்று அவர் முதல் வாரத்திலேயே நினைத்தார். பொய்யைச் சொல்லாமல் பொய்யின் பாக்கியை மட்டும் சத்தமில்லாமல் தீர்த்துவிடலாம் என்ற கணக்கு. விடியுமுன் சஹர் சாப்பிட்டு, நோன்புக்கு நிய்யத் வைத்து உட்கார்ந்தார். விடிந்ததும் வாயில் ஊறிய எச்சில் இனித்தது. விழுங்கினால் பாயசம். துப்பினால் மறுபடியும் ஊறியது, முந்திரிப்பருப்போடு. அடுத்த நாளும் அப்படி, அதற்கடுத்த நாளும் அப்படி. பெருநாளன்று நோன்பு பிடிப்பது ஹராம் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத்தான் பெருநாள் முடியவேயில்லை.

அடுத்த ரமலான் வந்தது. ஊரே நோன்பு பிடித்தது, மாலையில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சிக் குடித்தது. தஸ்தகீர் பாய்க்கு ஒரு நோன்புகூட வாய்க்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து விடாத மனுஷன், காய்ச்சலில்கூட விடாதவர், அந்த மாதம் முழுக்க வயிறு நிறைந்து கிடந்தார். அவமானமாக இருந்தது. சொல்லப்போனால் அழுகையே வந்தது, ஐஸ் அறைக்குள் போய் அழுதார். ஹஜ்ரத்திடம் மட்டும் பாதியைச் சொன்னார்: வீட்டில் நோன்பு நிற்கவில்லை என்று. ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு, "தலைக்கு மேல பெருநாள் பிறை நிக்கிறப்போ நோன்பு பிடிங்கன்னு நான் எப்படி பாய் சொல்வேன்? வேற எடத்துல போய்ப் பிடிச்சுப் பாருங்க," என்றார்.

பார்த்தார். செங்கல்பட்டில் தங்கை வீட்டுக்குப் போனார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போன பஸ்ஸுக்கு மேலேயே பிறையும் வந்தது. செங்கல்பட்டு ஏரிக்கரையில் இறங்கியபோது ஏரிக்கு மேலே நின்றது. தங்கையின் குக்கரில் விசில் அடங்கித் திறந்தால் சேமியா. கேளம்பாக்கத்தில் ஐ.டி. பையன்கள் இருக்கும் அடுக்குமாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கினார்; பன்னிரண்டாவது மாடியின் பால்கனிக்கு நேராக வந்து நின்றது. கடலில் ஒன்றும் தொடராது என்று, சம்பூர்ணத்தின் புருஷன் கங்காதரனோடு ஃபைபர் படகில் போனார். கரை மறைந்த பிறகும் அது தொடர்ந்தது. ஒரு பக்கம் முழு நிலா, மறு பக்கம் பிறை. வலையில் ஒரு மத்தி ஏறவில்லை. கங்காதரன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு நெலாவ பாத்தா மீனு கொயம்பிப் பூடுது அண்ணாத்த. கோச்சுக்காத, நீ கரையிலயே இரு," என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டான். போன இடமெல்லாம் அவரைத் தழுவினார்கள். இருப்புக் கொள்ளாமல் அலைந்து, மெலிய வேண்டிய மனுஷன் பாயசத்தில் ஊதிப்போய் வீடு திரும்பினார்.

இதற்கு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பயானில் ஹஜ்ரத் பெரும் பாவங்களைப் பற்றிப் பேசினார். நபிகள் நாயகம் ஒருநாள் சாய்ந்து உட்கார்ந்தபடி அவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார்களாம். இணை வைப்பது, பெற்றோரை நோகடிப்பது. பொய்ச்சாட்சி என்று வந்ததும் சாய்மானத்தை விட்டு எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்து, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். இதோடு நிறுத்தமாட்டார்களா என்று கூட இருந்தவர்களுக்கே தோன்றுகிற அளவுக்கு. தஸ்தகீர் பாய் இதை எத்தனையோ முறை கேட்டவர்தான், கேட்டுத் தலையாட்டியவர்தான். அன்று தூணில் சாய்ந்திருந்த அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்குப் பிறகு நாற்காலி, சுவர், தலையணை எதிலும் அது சாய மறுத்தது. உட்கார்ந்தபடியே தூங்கினார், தூங்கினார் என்றுகூடச் சொல்ல முடியாது, விழித்துக்கொண்டே இருந்தார். அதற்கடுத்த ரமலானும் வந்தது. அதுவும் பாயசத்தோடு போனது.

அதற்குப் பிறகுதான் சஹானா முதல் லீவில் வந்தாள். போனில் கேட்டது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. வாசல் ஷாமியானாவையும் சுண்டல் வண்டியையும் தாண்டி உள்ளே வந்து, மொட்டைமாடி ஏறி, பிறையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். ஊதிப்போன முகம், சாயாத முதுகு.

"அத்தா, நான் அந்த ஒரு நோன்பை அங்க போன அடுத்த வாரமே பிடிச்சிட்டேன்," என்றாள்.

அவர் தண்ணீர்த் தொட்டியின் மூடியை நகர்த்திச் சரியாக வைத்தார்.

"மேகத்துல எப்படித் தெரிஞ்சிருக்கும்னு விமானத்துலயே யோசிச்சேன். எனக்காகவா சொன்னீங்க?"

துணி எடுக்க வந்த பல்கீஸ் மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள். "நான் கேட்டனா உங்கள? ஒரு வார்த்த கேட்டனா?" என்றாள். கேட்கவில்லை, அதுதான் உண்மை. அலமாரிக் கதவைத் திறந்து மூடியது குற்றமாகுமா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆட்கள் செருப்பைத் தேடுவதற்குள் தஸ்தகீர் பாய் எழுந்து நின்றார். மைக் வேண்டாம் என்றார். "அன்னிக்கி நான் பிறையப் பாக்கல. பாத்தேன்னு சொன்னது பொய்யி. மக போறதுக்குள்ள பெருநாள் வரணும்னு சொன்னேன். யாக்கூப் மேல தப்பில்ல, அவன் என் கையப் பாத்தான். ஊர் பூராவும் ஒரு நோன்ப விட்டது என்னாலதான்." அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முத்தவல்லி காதர்ஷாவுக்குத்தான் ஆத்திரம் அதிகம். ஷாமியானா போட்டவர் அவர், வெளியூர் ஜமாஅத்துகளுக்கு முன்னால் மார் தட்டியவரும் அவர். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவர் இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்தால் குடியா முழுகிவிடும் என்று கத்தினார். ஊருக்கு வந்த பேரைக் கெடுத்துவிட்டார் என்று இன்னும் சிலர். யாக்கூப் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் நெஜமாவே பாத்தேன் பாய். இன்னமும் கண்ண மூடினா தெரியுது. இப்ப அத இன்னா பண்றது?" என்று கேட்டான். ஹஜ்ரத் எல்லோரையும் அமர்த்தி, நம்பி நோன்பை விட்டவர்கள் மேல் பாவம் இல்லை, ஆனால் நோன்பு பாக்கி இருக்கிறது, வரும் திங்கட்கிழமை ஊரோடு பிடிப்போம் என்றார். பிறகு தஸ்தகீர் பாயைப் பார்த்துக் குரலைத் தணித்துச் சொன்னார்: "அல்லாஹ் மன்னிக்கிறவன். ஆனா இனிமே பிறை விஷயத்துல உங்க வார்த்தைய நாங்க எடுத்துக்க மாட்டோம் பாய்." தஸ்தகீர் பாய் சரி என்று தலையாட்டினார். ஊர்க் கண் என்ற பேர் அந்த இடத்திலேயே போய்விட்டது.

ஷாமியானா பிரிக்கப்பட்டது, சுண்டல் வண்டி மாமல்லபுரத்துக்கே போய்விட்டது. ரொம்ப நாளைக்குச் சில வீடுகளில் அவருக்கு சலாம் சொல்லவில்லை. குப்பத்தில் சம்பூர்ணம் மட்டும் வழக்கமான நேரத்துக்கு வந்து, "நெலா பொய்யினாங்கோ. ஐஸு நெஜந்தானே? ரெண்டு கட்டி போடு," என்றாள். சனிக்கிழமை பல்கீஸ் உலை மூடியைத் திறந்தாள், சோறு இருந்தது. திங்கட்கிழமை ஊரே நோன்பு வைத்தது, திட்டிக்கொண்டே வைத்தவர்களும் உண்டு. தஸ்தகீர் பாய்க்கு மதியத்துக்குள் நாக்கு வறண்டது, பிற்பகல் அஸர் தொழுகைக்குத் தலை சுற்றியது, எச்சில் எச்சிலாகவே இருந்தது. அந்தத் தாகத்தை அவர் ரசித்து அனுபவித்தார். மஃரிபுக்குப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து மெதுவாக மென்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாக்கூப் தண்ணீரை நகர்த்தி வைத்தான். அன்றிரவு அவர் முதுகு சுவரில் சாய்ந்தது, அப்படியே தூங்கிப்போனார்.

பிறை மறையவில்லை. வளரத் தொடங்கியது. தடித்து, பாதியாகி, முழுசாகி, தேய்ந்து, மற்ற நிலாவை எட்டிப் பிடித்து, அதற்கு ஒரு நாள் முன்னாலேயே போய் நின்றுகொண்டது. இப்போது கிழக்கே உதித்து மேற்கே இறங்குகிறது, எல்லா நிலாவையும் போல. ஒருநாள் முந்திக்கொள்வது ஒன்றுதான் வித்தியாசம். குப்பத்தில் அதை பாய் நிலா என்கிறார்கள். அதற்கும் கடலில் ஒரு சின்ன ஏற்றவற்றம் இருப்பதாகக் கங்காதரன் சொல்கிறான். வலை போட அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறான். இப்போது மீன் குழம்புவதில்லை.

போன ரமலான் கடைசியில் மூன்று நாளாக மேகம். இருபத்தொன்பதாம் நோன்பு திறந்துவிட்டு தஸ்தகீர் பாய் தன் மொட்டைமாடியில் நின்றிருந்தார். பள்ளிவாசல் மாடிக்கு அவர் போவதில்லை. மலைக்கு வலப்பக்கம் மேகம் ஒரு கை அகலத்துக்கு விலகியது. அதற்குள்ளே, மெல்லிசாக, சந்தேகமே இல்லாமல், ஒரு பிறை இருந்தது. பழைய பழக்கத்தில் கை பாதி தூரம் உயர்ந்தது. பள்ளிவாசல் மாடியில் ஆட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேகம் மூடிவிட்டது. பின்னால் வந்து நின்ற பல்கீஸ், "தெரிஞ்சிச்சா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சிச்சு."

"ஊரோடதா, நம்மளோடதா?"

ஊரோடது என்றால் நாளைக்கே பெருநாள், ஒருநாள் முந்துகிற தன்னுடையது என்றால் நாளைக்கும் நோன்பு. மூன்று நாளாக இரண்டில் ஒன்றையும் பார்க்காதவருக்கு அது தெரிய வழியில்லை. "அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்," என்றார். பள்ளிவாசலில் யாரும் பிறை பார்க்கவில்லை என்று மைக்கில் சொன்னார்கள், நோன்புகால இரவுத் தொழுகையான தராவீஹுக்கு ஆட்கள் நடந்தார்கள். அவரும் இறங்கிப் போய்க் கடைசி வரிசையில் நின்று தொழுதார். மறுநாள் ஊரோடு முப்பதாவது நோன்பு பிடித்தார்.